மேல் டிராக்கில் வந்த தாய்மாமன்

கல்யாணத்துக்கே வராத ஒருவரை வந்தவராக்கினேன். ஆம், நானேதான்! நாகர்கோவிலில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கும் இந்தத் தடியன்தான்.

கெட்டிமேளம் முழங்கியதும் கேமராவின் பட்டனை அழுத்தினேன். அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது... ஆகவே நின்றது! தாலி ஏறியதும், நிறுத்துவதாக எண்ணி மீண்டும் அழுத்தினேன். ஓடத் தொடங்கியது.

விளைவு? மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததுவரை பதிவாகியிருந்தது. அடுத்த காட்சியில், பாயசம் தீருமுன் பந்திக்கு ஓடும் என் வெறுங்கால்கள். மிகத் தெளிவான படம்!

நீங்களாக இருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பீர்கள். நான் கணினி முன் உட்கார்ந்தேன்.

எடிட்டிங்கில் காட்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். மேல் டிராக்கில் இருப்பது கீழே உள்ளதை மறைக்கும். மேலிருப்பதைச் சற்று மங்கலாக்கினால் இரண்டும் கலந்து தெரியும். கீழே, தாலியோடு குனியும் மாப்பிள்ளையை மெதுவாக ஓடவிட்டேன். மேலே, அதே மண்டபத்தில் முந்தைய மாதம் நடந்த வேறொரு கல்யாணத்தில் கூட்டம் பூத்தூவும் காட்சி. பூமழை அடர்ந்ததும் ஒரு டிசால்வ்... எல்லாம் கரைந்து, மாலையோடு சிரிக்கும் மணமக்கள்! பார்த்து எனக்கே கண்கலங்கியது. வெட்கம் கெட்டவன்...

அந்தக் கூட்டத்தில் விருந்தாளியாக நின்று பூத்தூவியவர், நம் மணப்பெண்ணின் தாய்மாமன்! வேலியோரத் தென்னை ஒன்றின் பேரில் தங்கையோடு சண்டையிட்டு, இந்தக் கல்யாணத்தைப் புறக்கணித்தவர். நான் கவனிக்கவில்லை. வீடியோ கைக்குப் போனதும் பெண்ணின் அம்மா தங்கம் அக்கா கவனித்துவிட்டாள். உடனே போன்.

“மக்கா, எங்க அண்ணன் பூ போடுகான்! வந்துட்டு யாருட்டயும் ஒரு வார்த்த மிண்டாம போயிருக்கானே... நீ பாத்தியா?”

அழுகிறாள். உண்மையைச் சொன்னால் அவளுக்கு அண்ணனும் போவான், நான் தாலிகட்டைக் கோட்டைவிட்டதும் வெளிப்படும்...

“ஆமாக்கா, தூண் பக்கத்துல நின்னாரு.”

தூணைக்கூட விடவில்லை, பாவி நான்!

அன்றே அவள் சுசீந்திரத்துக்கு, அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். மறுநாள் அண்ணன் என் ஸ்டுடியோவுக்கு வந்தார்.

“லேய், நான் அன்னைக்கு வயல்ல மருந்தடிச்சிட்டு நின்னேன். மண்டபத்துக்கு எப்பிடிலே வந்தேன்?”

டிராக்குகளைப் பிரித்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவரோ திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஊரான் கல்யாணத்துல எப்பிடிச் சிரிச்சிட்டு நிக்கேன் பாரு, நாய்!” என்று தன்னையே திட்டிக்கொண்டார். “தங்கச்சி வாசல்ல வந்து நின்னு அழுதா. வரல்லன்னு சொல்ல வாய் வரல்ல. வந்தேன்னுட்டேன். அழிச்சிராதலே.”

அழிக்கவில்லை. பிறகு பேரப்பிள்ளைக்குப் பேரிட்ட விருந்தில், தங்கம் அக்கா எங்கள் இருவரையும் அருகருகே உட்கார்த்திப் பரிமாறினாள்.

“அன்னைக்கு நீ வராம இருந்திருந்தா, செத்தாலும் உனக்க மொகத்துல முழிச்சிருக்க மாட்டேண்ணே!” என்று சிரித்தாள்.

உண்மை என் தொண்டைவரை வந்துவிட்டது. சொல்லிவிடலாமா? யாருக்காக? அவளுக்காகவா, என் பாரம் குறையவா?...

இலையிலிருந்து தலை நிமிராமலே அண்ணன் முணுமுணுத்தார்:

“மிண்டாம தின்னுலே.”

தின்றேன். அந்தக் கவளம் இன்னும் இறங்கவில்லை.