முதலாளி தொட்ட பதில்

பழைய இரும்புக்கடை முதலாளிக்கு மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்துபோனது. அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. ரோட்டில் வளைந்த ஆணி பொறுக்கிய கை அது; இன்று அந்தக் கை காட்டினால் கிரேன் நகர்கிறது. கோட்டுப் போட்டவனெல்லாம் அவர் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டுதான் பேசுகிறான். அவரைப் பார்த்துச் சிரிக்கக் கடையில் ஒருத்தனுக்கும் தைரியம் கிடையாது. அவர் சம்பாதித்ததே அந்த மரியாதையைத்தான். மற்றதெல்லாம் வெறும் இரும்பு.

வேலையாட்களின் பிள்ளைகள் கடகடவென்று வாசிக்கின்றன, வாசித்தது என்ன என்று கேட்டால் முழிக்கின்றன என்றாள் மருமகள். உடனே ஆபீசுக்குப் பக்கத்து அறையைக் காலி செய்து ஆறு டேப்லெட் வாங்கிப் போட்டார். அதில் ஒரு குட்டிக் கதை வரும். வாசித்து முடித்ததும் கேள்வி வரும். சரியான பதிலைத் தொட வேண்டும்.

முதல் நாள் ஆட்களையும் அவர்கள் பிள்ளைகளையும் கூப்பிட்டு நிறுத்திவிட்டு, தானே ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பிள்ளைங்க செய்யட்டுமே மாமா," என்றாள் மருமகள்.

"ஏம்மா, நான் தொட்டா கடிச்சிடுமா?"

கதை சின்னது. கடையொன்றில் வேலையாள் எண்ணெய் ஜாடியை உடைத்துவிட்டான். கடைக்காரர் திட்டவில்லை. வந்தவர் போனவரிடமெல்லாம் அவனைக் காட்டிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மறுநாள் அவன் வரவில்லை. ஏன்?

முதலாளி விரல் வைத்து வாசித்து, 'நன்றி கெட்டவன்' என்பதைத் தொட்டார்.

"பரவாயில்லை கண்ணு, இன்னொரு முறை யோசிக்கலாமா?" என்றது டேப்லெட், கொஞ்சலாக.

'வேறு கடையில் அதிகச் சம்பளம்' என்பதைத் தொட்டார். மறுபடியும் கண்ணு.

கடையில் எடை போடுகிறவரின் மகள் முதலாளியின் தோளுக்குப் பின்னாலிருந்து கை நீட்டினாள். "அவனுக்கு அவமானமா இருந்திருக்கும் தாத்தா. எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சாருல்ல." தொட்டாள். திரை முழுக்க நட்சத்திரம், கைதட்டல். பிள்ளைகள் சிரித்தன. எடை போடுகிறவரும் பெருமை தாங்காமல் சிரித்துவிட்டார்.

முதலாளியும் சிரித்தார். "கெட்டிக்காரி. அப்பன்கிட்டருந்து வந்த அறிவு. வாய்யா, நீ உட்காரு."

"எனக்கு எழுத்து தெரியாதுங்க முதலாளி."

"தெரிஞ்சுதான்யா கூப்பிடறேன்."

எடை போடுகிறவர் உட்கார்ந்தார். கைக்கு வந்ததைத் தொட்டார். பரவாயில்லை கண்ணு என்றது. "தட்டுங்கடா கையை," என்றார் முதலாளி. ஆட்கள் தட்டினார்கள். அடுத்த கதை. அதற்கும் அடுத்த கதை. மகள் ரகசியமாக வாயசைத்தாள்.

"நீ சொல்லாதே பாப்பா. அப்பாவே படிக்கட்டும்."

விரலில் வேர்த்து, தொட்டாலும் திரை எடுத்துக்கொள்ளவில்லை.

"சட்டையில துடைச்சிட்டு அழுத்துய்யா."

"போதும் மாமா," என்றாள் மருமகள்.

"நீதானேம்மா சொன்னே, திரும்பத் திரும்பச் செஞ்சா வந்துடும்னு."

ஆட்கள் முதலில் தலையைக் குனிந்துகொண்டு தட்டினார்கள். போகப் போக அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் எடை போடுகிறவர் கதவு திறக்கும் முன்பே வந்து நின்றார். வராமல் எங்கே போவார்? சாயங்காலம் மகளும் வந்தாள். முதலாளி அறை வாசலில் நின்றார். அவள் கதையை வாசித்தாள், நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், பிறகு தொட்டாள். பரவாயில்லை கண்ணு. அடுத்ததற்கும் அவரைப் பார்த்துவிட்டுத்தான் தொட்டாள்.

"நேத்து டக்குன்னு சொன்னாளே மாமா. இன்னைக்கு ஒண்ணுகூடச் சரியா வரலை."

"வரும்மா, நல்லாத்தான் வருது," என்று முதலாளி நாற்காலியை இழுத்து அந்தப் பிள்ளைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.