எங்கள் வீட்டு மாமா

என் அப்பா என் அம்மாவுக்குத் தாய்மாமன். எங்கள் சொந்த ஊரான கம்பம் பக்கத்தில் இதைச் சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். டில்லி லோதி ரோடு அரசுக் குடியிருப்பில் நாங்கள் இதை யாரிடமும் சொன்னதில்லை. இந்தியிலும் மாமா என்றால் அம்மாவின் உடன்பிறந்தவர்தான். ஆனால் அந்த மனிதரைக் கட்டிக்கொள்வது அங்குள்ளவர்கள் நினைத்தும் பார்க்காத காரியம். அம்மா வீட்டுக்குள் அப்பாவை மாமா என்பாள். படிக்கட்டிலும் பால் பூத்திலும் ‘ஏங்க’. கதவுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்பது பள்ளிக்கூடம் போகும் முன்பே எனக்குத் தெரியும்.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் மூன்றாம் ஆண்டில் எழுத்துப் பயிற்சிக்கென்று ஒரு பாடம் இருந்தது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவோம். ஆசிரியை மூன்று விதிகள் வைத்திருந்தார். காதில் விழுந்ததை அப்படியே எழுத வேண்டும். வேற்றுமொழிச் சொல்லுக்கு அர்த்தமோ அடிக்குறிப்போ கூடாது. எழுதியதை வகுப்பு அலசும்போது எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது.

வீட்டில் நடக்கும் பேச்சை எழுதி வரச் சொன்னார். எங்கள் சமையலறையின் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஆங்கிலத்தில் மூன்று பக்கம் எழுதினேன். ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போவதா வேண்டாமா என்று இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். ‘மாமா, டீ போடவா?’ என்று அம்மா கேட்பதில் தொடங்கும். அந்த ஒரு சொல்லை மட்டும் ஆங்கிலமாக்காமல் விட்டிருந்தேன். எழுதும்போது அது எனக்கு ஒரு சொல்லாகவே படவில்லை. அம்மாவின் குரலோடு சேர்ந்த ஒன்றாக இருந்தது. நகல்கள் எல்லோர் கைக்கும் போன பிறகு, பேருந்தில் அதை மறுபடி படித்தபோதுதான் அந்தச் சொல் கண்ணில் பட்டது.

அடுத்த வகுப்பில் நான் வட்டத்தில் உட்கார்ந்து என் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசினார்கள். அம்மா தன் தம்பியை என் முறை சொல்லி மாமா என்று கூப்பிடுவதாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“இந்த மாமாஜிக்கு வேற வீடே கிடையாதாப்பா?” என்று தொடங்கினான் தாடிக்காரன் ஒருவன். “அக்கா வீட்ல வந்து உக்காந்துகிட்டு டீயில சர்க்கரை ஜாஸ்தின்னு நொட்டை வேற.”

என் பக்கத்து நாற்காலிக்காரி லக்னோவிலிருந்து வந்தவள். எதையும் பாதியில் விடமாட்டாள். “அது கிடக்கட்டும். அப்பா எங்கே? மூணு பக்கத்துல அப்பாங்கிற வார்த்தையே இல்லையே.”

ஆசிரியை நிமிர்ந்தார். “அதைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்லு.”

“இல்லாத அப்பாவைப் பத்தித்தான் மேடம் மொத்தமும். தம்பிகிட்ட பேசிப்பேசி அந்த இடத்தை அந்தம்மா ரொப்பிக்கிறாங்க.”

சுற்றிலும் தலைகள் ஆடின. வரிக்கு வரி பேசிக்கொண்டிருந்த மனிதர் இப்படிக் காணாமல் போனார். கடைசியில் எழுதியவர் பேச ஒரு நிமிடம் தருவது வழக்கம். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ஆசிரியை கேட்டார். சொன்னால் அப்பாவும் அம்மாவும் அந்த வட்டத்தின் நடுவே வந்து நின்றாக வேண்டும். இல்லை மேடம் என்றேன். இப்போது செய்தித்தாளில் பிறர் எழுதியதைத் திருத்துவது என் வேலை. செய்தியில் உறவுமுறை வந்தால் நிருபரைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுகிறேன்.

அந்தப் பருவத்தின் முடிவில், பெற்றோரை அழைத்து நடத்தும் வாசிப்பு நிகழ்ச்சிக்கு என் பக்கங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு சொல்லையும் தொடாதே என்று ஆசிரியை ஓரத்தில் எழுதித் தந்தார். வீட்டில் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அப்பா, “அரை நாள் லீவு சொல்லிர்றேன்” என்றார். அதற்கு மேல் வராதீர்கள் என்று எப்படிச் சொல்வது?

அம்மாவிடம் மட்டும் தனியாகச் சொன்னேன். “அங்க வந்து அப்பாவ மாமான்னு கூப்டாதம்மா.”

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. “எனக்குத் தெரியாதாக்கும். ஒனக்கு முன்னாடி டில்லிக்கு வந்தவடி நான்.”

வாசிப்பன்று இருவரும் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா அலுவலக அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்திருந்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் அதிகம் பிடிபடாது. ஆனால் நான் படிக்கையில் மாமா என்ற சொல் வரும்போதெல்லாம் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் திரும்பவில்லை. நிகழ்ச்சி நிரலை இரண்டாக மடித்தார், பிறகு நான்காக.

முடிந்ததும் நடைகூடத்தில் சமோசா கொடுத்தார்கள். கூட்டம். லக்னோக்காரி அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் தோசையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள்; நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். அப்பா தூரத்தில் சுவரோரம் நின்றார். அம்மா ஒரு கையில் தட்டோடு எட்டிப் பார்த்தாள்.

“மாமா, இங்கிட்டு வாங்க. ஆறிப்போகுது.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. தட்டு தாழ்ந்தது.

லக்னோக்காரி முகம் மலர்ந்தாள். “அச்சா, மாமாஜி நீங்கதானா? உங்களை எங்க கிளாஸ் முழுக்கத் தெரியும்.” அப்பா நமஸ்தே சொன்னார். அவள் அவருக்குப் பின்னால் யாரையோ தேடினாள். “அங்கிள் வரலையா? இவளோட அப்பா?”

அப்பா என்னைப் பார்த்தார். எந்த விதியும் இப்போது என்னைத் தடுக்கவில்லை. நான் அம்மாவின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டேன். அவர் அலுவலகத்தில் பேசும் அந்தச் சுத்தமான இந்தியில், அவசரமில்லாமல் பதில் சொன்னார்.

“அவர் டூர்ல இருக்கார், பேட்டா.”

ஆட்டோவில் அம்மா நடுவில் உட்கார்ந்தாள். ஒரு சிக்னலில் அம்மா கேட்டாள்: “எந்த ஊருக்கு டூரு?”

“எழுதுனவட்ட கேளு” என்றார் அப்பா. குரலில் கோபம் இல்லை. நான் தேடிப் பார்த்தேன், சிரிப்பும் இல்லை.

குடியிருப்பு வாசலில் அம்மா ‘எறங்குங்க’ என்று மட்டும் சொன்னாள். படியில் கீழ்வீட்டுக்காரர் வணக்கம் வைத்துக் கடந்தபோது, “ஏங்க, சாவி ஒங்ககிட்டயா?” என்றாள். கீழ்வீட்டுக்காரர் தெருவில் இறங்கி மறைந்த பிறகும், ஆளில்லாத இரண்டாவது மாடியில், கதவு திறக்கும்வரை அவள் ‘ஏங்க’ என்றுதான் பேசினாள்.

உள்ளே போனதும் அப்பா கழுத்து அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நான் வாசலில் குனிந்து, செருப்பின் வாரைக் கழற்றுவதுபோல் வெகுநேரம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சமையலறையில் அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. அம்மா ஒரே ஒரு டம்ளரைக் கொண்டுவந்து அப்பா பக்கத்தில் வைத்தாள். ‘மாமா, டீ போடவா?’ என்று அன்றைக்கு அவள் கேட்கவே இல்லை.