உப்பு பேட்டரிக்குச் சந்தனப் பொட்டு

பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுப்பவன் நான். சோடியம் என்றால் எனக்கு மண்ணெண்ணெயில் முக்கி, அலமாரியில் பூட்டிவைக்க வேண்டிய போக்கிரி. அந்தப் போக்கிரியை வைத்துச் செய்த பேட்டரி பேரையூர்ப் பக்கம் ஒருவருக்கு மூச்சுவிடத் துணையாக வந்திருக்கிறது என்று தங்கை ஜெசிந்தா சொன்னதும், அடுத்த சனிக்கிழமையே அவளோடு கிளம்பிவிட்டேன். இந்த பேட்டரியை நோயாளிகளின் வீட்டில் வைத்துச் சோதிக்கும் மருத்துவ ஆய்வில் அவள் நர்ஸ்.

மதுரை விளாங்குடியில் காலை ஏழரைக்குப் பஸ். சிம்மக்கல்லில் இறங்கி ஆரஞ்சு வாங்கினோம். பிறகு பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருமங்கலம், அங்கே மாறி பேரையூர். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், என் டிக்கெட் அறுபது ரூபாய்க்குள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பதைச் சொல்லிச் சொல்லியே ஜெசிந்தா என்னை வெறுப்பேற்றினாள்.

பேரையூரிலிருந்து அவர் ஊருக்கு ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய். இருபுறமும் மக்காச்சோளக் காடு. போகும் வீட்டைச் சொன்னதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

“கருப்பையாண்ணே வீட்டுக்கா? முன்னெல்லாம் கரண்டு போச்சுன்னா அவர நாந்தேன் அள்ளிப்போட்டுட்டு ஓடுவேன். ஆஸ்பத்திரி வாசலத் தொடுறதுக்குள்ள எனக்கே மூச்சு முட்டிரும்ணே.”

கருப்பையாவுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் கரண்டில் ஓடுவது. மின்வெட்டுக்குப் பயந்தே ஒரு வருஷம் மதுரையில், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து ஒற்றை அறையில் கிடந்திருக்கிறார். பேட்டரி வந்ததால் சொந்த வீட்டுக்குத் திரும்பியிருந்தார். இன்று பரீட்சை: மெயினை அணைத்து, பேட்டரியில் மட்டும் இரண்டு மணி நேரம் மெஷின் ஓட வேண்டும். ஓடாவிட்டால் மறுபடி அந்த அறைதான்.

“அங்க மட்டும் அனுப்பிராத தாயி” என்றார் ஜெசிந்தாவிடம். அதைச் சொல்லவே இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

பேட்டரிப் பெட்டியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நான்கு பக்கமும் சந்தனம், குங்குமம், மேலே மல்லிகைச் சரம். ஜெசிந்தா சரத்தை எடுத்து வைத்துவிட்டு மெயினை அணைத்தாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, பெட்டி கீச்சென்று கத்தி அணைந்தது. மெஷினும் நின்றது. விரலில் மாட்டியிருந்த ஆக்சிஜன் மீட்டரில் தொண்ணூற்று இரண்டு என்றிருந்த எண் எண்பத்தேழுக்கு இறங்கியது. ஜெசிந்தா பாய்ந்துபோய் மெயினைப் போட்டாள். மெஷின் மறுபடி ஓட, எண் மெல்ல ஏறியது.

பெட்டியைத் தொட்டால் சுட்டது. குனிந்து பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். காற்று போகும் துளைகள் அத்தனையிலும் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது.

“புதுசா வீட்டுக்கு வந்துருக்கு, உசுரக் காக்குற சாமான். பொட்டு வைக்காம எப்புடி?” கருப்பையாவின் மனைவி பாண்டியம்மாளுக்கு அழுகை முட்டியது.

“வைங்கக்கா. ஓட்டைய விட்டுட்டு வைங்க” என்றாள் ஜெசிந்தா.

ஈர்க்குச்சியால் ஒவ்வொரு துளையாக நோண்டினோம். பெட்டி ஆறி, பேட்டரியில் மறுபடி சார்ஜ் ஏறியதும் மெயினை அணைத்தோம். கரண்ட் இல்லாத வீட்டில் மெஷின் மட்டும் உஸ் உஸ்ஸென்று ஓடியது. குழம்பில் போடும் உப்பில் இருப்பதும் இதே சோடியம்தான். அது இங்கே ஒரு மனிதரின் நெஞ்சை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் பாடம் எடுத்தும், அன்றுதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இதுபோல் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், வழியில் நல்ல கடை இல்லை. திரும்புகிற பஸ் நேரத்தைப் பேரையூரிலேயே கேட்டுவையுங்கள். இந்த மாதிரிப் பெட்டி உங்கள் வீட்டில் இருந்தால், பொட்டு வைப்பதற்கு முன் துளைகளைப் பாருங்கள்.

இரண்டு மணி நேரம் முடிந்தது. மீட்டரில் தொண்ணூற்று மூன்று. ஜெசிந்தா மெயினைப் போட்டாள். ஃபேன் சுற்றவில்லை. எட்டிப் பார்த்தால் தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. எப்போது போனதோ, யாருக்கும் தெரியவில்லை. மெஷின் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டேயிருந்தது.

விஷயம் தெரிந்ததும் பாண்டியம்மாள் பழக்கத்தில் கணவரின் சட்டையைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டு ஓடிவந்தார்.

கருப்பையா கட்டிலில் சாய்ந்தபடியே பார்த்தார். “எங்கடி கெளம்புற? சட்டையத் தொங்கவிடு. இன்னைக்கு நம்ம எங்கயும் போகல.”