உப்புப் பார்க்காத கனகலிங்கம் அண்ணை

கனகலிங்கம் அண்ணை தான் சமைத்ததை ஒருநாளும் உப்புப் பார்த்ததில்லை. லண்டன் லூயிஷாமில் நாங்கள் வேலை செய்த முதியோர் இல்லத்துக் குசினியில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். அப்போது 1990. தலைமைச் சமையல்காரி ஒரு ஐரிஷ்காரி. இறைச்சி எல்லாம் அவர் பொறுப்பு. சூப், மரக்கறி, புடிங் மூன்றும் அண்ணைக்கு. கிழங்கு உரிப்பதும் கோப்பை கழுவுவதும் எனக்கு.

ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்த மனிதர். அடுப்படிப் பக்கமே போயிருக்கமாட்டார். லண்டன்தான் அவர் கையில் அகப்பையைக் கொடுத்தது. அவர் வீட்டில் சாமிக்குப் படைக்கும்வரை யாரும் வாயில் வைக்கக்கூடாது என்று ஒரு கட்டு இருந்ததாம். அதை அப்படியே கொண்டுவந்து, ஐம்பது வெள்ளைக்காரக் கிழவர் கிழவிகளுக்கான சூப்புச் சட்டிக்கும் பொருத்திவிட்டார். காலையில் அடுப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவார். எல்லாம் அளந்துதான் போடுவார். கொதிக்கிற சத்தத்தை வைத்தே பதம் சொல்லுவார். இறக்கியதும் மூடியைத் திறந்துவிட்டு ஒரு நிமிடம் கண்மூடி நிற்பார். அதற்குப் பிறகுதான் எவருக்கும் பரிமாறலாம்.

எனக்குச் சாமி கும்பிடுகிறவர்களைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. முருகனுக்கு லீக்ஸ் சூப் ஒத்துக்கொள்ளுமோ என்று கேட்பேன். அவர் கோபிக்கமாட்டார். கோயிலுக்கு இரண்டு பஸ் மாறவேண்டும், ஷிப்ட் விடாது, அதனால் அவரை இங்கே கூப்பிட்டிருக்கிறேன், வந்த இடத்தில் கிடைப்பதைத்தானே சாப்பிடவேண்டும் என்பார்.

இப்படிப் பகிடி விட்டாலும் மனிதர் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டே இருந்தார். மனைவி சிவமலரும் இரண்டு பெண்பிள்ளைகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். அந்தப் பக்கம் பொலிஸ் சோதனை என்று செய்தி வந்தால் அன்று அவர் கையில் கத்தி நிற்காது. இங்கே நாலு வருஷம் முடிந்தால்தான் குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பிக்கலாம். அதற்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று இல்லத்தை நடத்தும் மேட்ரன் கடிதம் தரவேண்டும். தருவதாகச் சொல்லியும் இருந்தார். இன்னும் ஒரு மாதம்தான் பாக்கி.

அந்த வியாழக்கிழமை அண்ணை சட்டியை அடுப்பில் விட்டுவிட்டுச் சாமான் அறைக்குப் போயிருந்தார். உப்பு டப்பா மூடியபடி அலுமாரியிலேயே இருந்தது. கவலையில் மறந்துவிட்டார் என்று நானாகவே முடிவு கட்டி ஒரு கை அள்ளிப் போட்டேன். நானாவது ருசி பார்த்திருக்கலாம். அவருடைய சட்டி என்பதால் கை கூசியது. ஆயுளில் ஒரே ஒரு தரம் எனக்கும் பக்தி வந்து தொலைத்தது.

அவர் ஏற்கெனவே உப்புப் போட்டிருந்தார். இருதய வருத்தக்காரக் கிழவர் ஒருவர் இரண்டு கரண்டி குடித்துவிட்டுச் சத்தியெடுத்தார். பார்க்க வந்திருந்த மகள் இல்லத்தையே இரண்டாக்கினாள். ருசி பார்க்கவில்லையா என்று மேட்ரன் கேட்டபோது, பார்த்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஒருநாளும் பார்ப்பதில்லை என்று இந்த மனிதர் உண்மையைச் சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து ஒவ்வொரு சட்டியையும் தலைமைச் சமையல்காரிக்கு முன்னால் ருசி பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை, கடிதத்தைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்று தீர்ப்பு வந்தது.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயில் கொழுக்கட்டை. என்னுடையது தற்காலிக வேலை. ஒரு பிழை போதும் வீட்டுக்கு அனுப்ப.

அன்று வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அண்ணை என்னிடம் வேலையைப் பற்றிப் பேசவே இல்லை.

"ரெண்டு வருசமாப் பிழைக்காத கை, தங்கச்சி. இண்டைக்குப் பிழைச்சுப்போச்சு. முருகன் வேண்டாம் எண்டு தள்ளிப்போட்டார்போலக் கிடக்கு. பிள்ளையளுக்கு ஏதும் வரப்போகுதோ?"

ருசி பார்த்தால், ஏற்கெனவே கோபத்தில் இருக்கும் சாமிக்கு எச்சிலைப் படைத்ததாகிவிடும். பார்க்காவிட்டால் பிள்ளைகள் லொட்ஜிலேயே கிடக்கவேண்டியதுதான். எந்தப் பக்கம் விழுந்தாலும் பள்ளம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது எவ்வளவு உண்மை. அடுத்த மூன்று நாளும் அதை மறைத்துக்கொண்டே திரிந்தேன்.

திங்கட்கிழமை அவர் வந்தபோது முகம் சாம்பல் பூத்திருந்தது. பார்லி சூப் வைத்தார். உப்பு டப்பாவை இரண்டு தரம் எடுத்து இரண்டு தரமும் திருப்பி வைத்தார். மூன்றாம் தரம்தான் அளந்து போட்டார். பதினொன்றரைக்கு ஐரிஷ்காரி வந்து கரண்டியை நீட்டினார். அண்ணை அதை வாங்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சட்டியைப் பார்த்தபடி நின்றார். அப்படியானால் மேட்ரனிடம் சொல்லத்தான் வேண்டும் என்று ஐரிஷ்காரி திரும்பினார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணை, அண்டைக்கு உப்புப் போட்டது நான். நீங்கள் மறந்திட்டியள் எண்டு நினைச்சு மேலை போட்டனான்."

கரண்டியாலேயே அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னை வெறித்துப் பார்த்தார்.

"அப்ப நான் போட்ட உப்புச் சரியோ?"

"ஓம்."

"என்ர கை பிழைக்கேல்லை?"

"இல்லை அண்ணை."

சுவரைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். கடிதம், வேலை, நான் மறைத்தது எதையும் அவர் கேட்கவில்லை. என்னைக் கைவிடேல்லை, கைவிடேல்லை என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். ஐரிஷ்காரி திகைத்துப்போய் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று நாள் அந்த மனிதரை நான் என்ன பாடு படுத்திவிட்டேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் கரண்டி சூப்பை ஒரு சின்னக் கோப்பையில் எடுத்து ஜன்னலோரம் வைத்தார். கண்மூடி நின்றார். பிறகு சட்டியிலிருந்து அள்ளி ஐரிஷ்காரிக்கு முன்னால் வாயில் வைத்தார். இவ்வளவு சின்ன வழி மூன்று நாளாக அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பயம் பிடித்தால் கண்முன்னால் கிடப்பதும் தெரியாது. விழுங்கியவரின் முகம் கோணிப்போனது.

"இதையோ நான் ரெண்டு வருசமா முருகனுக்குக் குடுத்தனான்?"

நான் மேட்ரனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அந்தக் கிழமையே என் வேலை போனது. அண்ணைக்குக் கடிதம் கிடைத்தது.

அடுத்த வருஷம் குடும்பம் வந்திறங்கியது. பார்க்கப் போனேன். சின்னவள் தகப்பனை அடையாளம் தெரியாமல் கதவுக்குப் பின்னால் நின்றாள். இப்போது நிம்மதிதானே என்று அண்ணையிடம் கேட்டேன்.

"இவையள் வந்தது பெரிய சந்தோசம், தங்கச்சி. நிம்மதி எண்டால் அண்டைக்குக் குசினியிலையே வந்திட்டுது. இவையள் வராட்டிலும் அது போயிருக்காது."

சிவமலர் அக்கா தேநீர்க் கோப்பைகளோடு நின்றார். வெளியே எங்கோ ஒரு கார்க் கதவு அடித்துச் சாத்திய சத்தத்துக்கே கோப்பைகள் கிலுகிலுத்தன.

"எனக்கு இன்னும் வரேல்லை," என்றார்.

அண்ணை எழும்பிக் குசினிக்குப் போய்ச் சோற்றுப் பானையை இறக்கி மூடியைத் திறந்தார். பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டுக் கண்மூடி நின்றார். அக்கா உடனே போகவில்லை. கோப்பைகளை மேசையில் வைத்துவிட்டு, தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அந்த இடத்தில் போய் நின்றார்.