பன்னிரண்டாவது தீர்மானம்

அவனை எனக்குத் தெரியவந்தது ஒரு பசைச் சட்டிக்குப் பக்கத்தில். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் கோவில்பட்டியில் இளங்கலை மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு இருபது வயது. கிராமத்துப் பஸ்கள் காலையில் சலுகைப் பாஸ் வைத்திருக்கும் மாணவர்களைக் கண்டால் நிற்காமல் போய்விடும். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊர்ப் பாதை பிரியும் எப்போதும்வென்றான் விலக்கில் நின்று நின்று நானே எத்தனையோ நாள் முதல் வகுப்பைத் தவறவிட்டிருக்கிறேன். மாணவர் சங்கம் வகுப்புப் புறக்கணிப்பு அறிவித்திருந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லி, சங்க அறைக்குக் கூட்டிப்போய், பழைய செய்தித்தாள்களில் சுவரொட்டி எழுத உட்கார வைத்தார்கள். அங்கே மைதா மாவைக் காய்ச்சிப் பசை கிண்டிக்கொண்டிருந்தவன் அவன்.

முதுகலை மாணவன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன். விளாத்திகுளத்துக்குத் தெற்கே ஒரு கிராமம். அப்பா மிளகாயும் பருத்தியும் போடுகிறவர். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். மேடையில் நின்றால் தாளைப் பார்க்காமல் அரைமணி நேரம் பேசுவான். தனியாக இருக்கும்போது அதிகம் பேசமாட்டான். அன்று நான் எழுத எழுத அவன் பசை தடவினான். ‘நிறுத்து’ என்ற சொல்லை முப்பது தாளில் எழுதியிருப்பேன். கடைசித் தாளில் என் கையைப் பார்த்துவிட்டு, விரல் வலிக்குதா என்று கேட்டான். இல்லை என்றேன். வலித்தது.

பஸ் மறியலன்று போலீஸார் எங்களை வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் அடைத்தார்கள். பெயரும் ஊரும் எழுதிக்கொண்டார்கள். மத்தியானம் எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலம் வந்தது. சாப்பிட்டுவிட்டு எல்லோரும் சமுக்காளத்தில் வரிசையாகப் படுத்தோம். அவன் என் பக்கத்தில் படுத்திருந்தான். என் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்தான். பிடித்தவன் விடவில்லை. சாயங்காலம் எங்களை வெளியே விடும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது. சுற்றிலும் அறுபது பேர் படுத்திருந்தார்கள். யாரும் கவனிக்கவில்லை. எங்கள் ஊரில் பையன்கள் தோளில் கைபோட்டுக்கொண்டுதான் தெருவில் போவார்கள், சினிமாவுக்கு ஒரே சைக்கிளில் ஒட்டி உட்கார்ந்துதான் போவார்கள். அதனால் எங்களுக்கு ஒளிவதற்குத் தனி இடம் தேவைப்படவில்லை.

அவன் தீப்பெட்டி செய்யும் ஒரு ஆபீசுக்குப் பின்னால் வாடகை அறையில் இருந்தான். அறையில் கூட இருந்த பையன் சனிக்கிழமை ஊருக்குப் போய் திங்கள் வருவான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே போவேன். இப்படி ஏழெட்டு மாதம். நாங்கள் செய்வதற்கு என்ன பெயர் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தெருவில் எங்களுக்குத் தெரிந்த பெயர்களெல்லாம் வசவுகள்.

வேறு பெயர் எனக்கு நூலகத்தில் கிடைத்தது. யாரோ தானமாகக் கொடுத்திருந்த பழைய ஆங்கிலப் பத்திரிகைக் கட்டில், நாங்கள் பிறப்பதற்கு முன்னால் வெளிநாட்டு மாணவர்கள் தெருவுக்கு வந்த வருஷங்களைப் பற்றி ஒரு கட்டுரை. போருக்கு எதிராக, கட்டணத்துக்கு எதிராக ஊர்வலம் போனவர்களுக்கு நடுவே, எங்களைப் போன்றவர்களும் தங்களுக்கென்று ஒரு பதாகை பிடித்துப் போயிருக்கிறார்கள். படத்தில் இரண்டு இளைஞர்கள் கைகோத்து நடந்தார்கள். அகராதியை வைத்து அதை மூன்று நாள் வாசித்தேன். நம் நாட்டிலும் இதற்குச் சிறைத் தண்டனை சொல்லும் ஒரு பழைய சட்டம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

ஓட்டப்பிடாரத்தில் சங்கத்தின் மாநாடு நடக்கவிருந்தது. தீர்மானங்களை நகலெடுத்து எழுதும் வேலை எனக்கு, மேடையில் வாசிக்கும் வேலை அவனுக்கு. பஸ், விடுதிச் சாப்பாடு, உதவித்தொகை, ஆசிரியர் பணியிடம் என்று பதினொரு தீர்மானங்கள். நான் பன்னிரண்டாவதாக ஒன்றை எழுதினேன். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் நேசிப்பதைக் குற்றமாக்கும் சட்டப்பிரிவை நீக்க வேண்டும், அப்படி நேசிக்கும் மாணவர்களைக் கல்லூரிகளும் விடுதிகளும் வெளியேற்றக் கூடாது. இரண்டே வரிதான். எழுதியதை அவனிடம் காட்டினேன். ஒருமுறை வாசித்தான். இன்னொரு முறை வாசித்தான். பிறகு சொன்னான்:

“இருக்கட்டும். நான் வாசிக்கேன்.”

“நெசமாவா?”

“வாசிக்கேன்னு சொல்லுதேம்லா.”

மாநாட்டுக்கு முதல் நாள் மழை பெய்திருந்தது. மண்டபத்து வாசலில் எல்லோரும் செருப்பில் அப்பியிருந்த கரிசல் மண்ணைக் குச்சியால் நோண்டிவிட்டு உள்ளே வந்தார்கள். நான் பின்வரிசையில் இருந்தேன். அவன் ஒவ்வொன்றாக வாசித்தான். ஒவ்வொன்றுக்கும் கை தட்டினார்கள். பதினொன்று முடிந்ததும் தாளைப் புரட்டினான். டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தான். மூன்றாவது வரிசைப் பக்கம் பார்த்தான். “இத்துடன் தீர்மானங்கள் நிறைவடைகின்றன, தோழர்களே” என்றான். கை தட்டினார்கள். என் கைகளும் தட்டின. அது எனக்கு இன்றும் தெளிவாக ஞாபகம் இருக்கிறது.

தாள்கள் செயலாளர் கைக்குப் போயின. மூன்றாம் நாள் என்னைச் சங்க அறைக்கு வரச் சொன்னார்கள். செயலாளர் நல்ல மனிதர். எங்களுக்காக எத்தனையோ தடவை போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றவர். அறையில் அவரும் இன்னும் இரண்டு பேரும், ஜன்னலோரம் அவனும் இருந்தார்கள். செயலாளர் பன்னிரண்டாவது தாளை மேஜைமேல் வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

“தம்பி, இது யார் எழுதுனது?”

“நாந்தான் தோழர்.”

இது மாணவர் பிரச்சினையா என்று கேட்டார். மாணவர்களில் இப்படி இருப்பவர்களுக்கு இது பிரச்சினைதான் என்றேன். அப்படி யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். நான் இருக்கிறேன் என்றேன். பிறகு அவர் அவன் பக்கம் திரும்பினார்.

“வாசிக்க வேண்டிய தாளு ஒங்கிட்டதானே இருந்துச்சு. ஒனக்கு முன்னமே தெரியுமா?”

“தெரியாது தோழர். மேடையிலதான் பாத்தேன்.”

எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. பசைச் சட்டி கழுவாமல் கிடந்ததால் ஓரத்தில் பசை காய்ந்து பொருக்குத் தட்டியிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒழுக்கக் கேடு என்று நோட்டில் எழுதி என்னை நீக்கினார்கள். செயலாளர் வெளியே வரை வந்து, வீட்டுக்குச் சொல்லமாட்டோம், படிப்பைப் பார் என்றார். நன்றி தோழர் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நான்கு புரோட்டா சாப்பிட்டேன். எப்போதும் இரண்டுதான் சாப்பிடுவேன்.

அதே மாதத்தில் பஸ் கோரிக்கை ஜெயித்தது. சங்கத்துக்காரர்கள் வேட்டு போட்டு ஊர்வலம் போனார்கள். மறுநாளிலிருந்து பஸ் எங்கள் விலக்கில் நின்றது. பரீட்சை முடியும் மட்டும் அதில்தான் போய்வந்தேன்.

என்னை நீக்கி இரண்டு வாரம் கழித்து அவன் என்னைத் தேடி ஊருக்கே வந்தான். அம்மா காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு இருவரும் ஓடைப் பாலம் வரை நடந்தோம்.

“மூணாவது வரிசையில எங்க பாவா உக்காந்திருந்தாரு” என்றான். பாவா என்றால் அவர்கள் பேச்சில் அக்காள் புருஷன். மாநாடு முடிந்ததும் ஊருக்குக் கூட்டிப்போக வந்திருந்தாராம். “அவரப் பாத்ததும் வாய் வரல.”

“சரி” என்றேன்.

“அந்த அறையிலயும் பொய் சொல்லிட்டேன்.”

“சரி.”

“எதுக்கெடுத்தாலும் சரிங்காத. திட்டவாவது செய்யேன்.”

திட்டுவதற்கு எனக்குள் தேடிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. உன் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொன்னேன்.

அதற்குப் பிறகும் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அறைக்குப் போனேன் என்பதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். போனேன். கதவைத் திறப்பான், உள்ளே போவேன். பல் பிடுங்கும்போது மருந்து போட்டபின் டாக்டர் தொடுவது தெரியும், வலி தெரியாது. அப்படித்தான் இருந்தது. ஒரு ஞாயிறு அவன் என் முகத்தைப் பிடித்துத் திருப்பி, நீ இங்கன இல்லை என்றான். ஆமாம் என்றேன். அதற்கடுத்த ஞாயிறு நான் போகவில்லை, அவனும் வரவில்லை. அடுத்த வருஷம் அத்தை மகளைக் கட்டினான். கல்யாணத்துக்குப் போய் இரண்டாம் பந்தியில் சாப்பிட்டேன். ஆசிரியர் வேலை கிடைத்து அந்தப் பக்கமே ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நான் கோவில்பட்டியில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்யும் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி. எனக்குப் பெண் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டுக் கேட்டு அப்பா ஓய்ந்துபோனார். பிறகு இறந்தும் போனார். அவர் கண்ணீர் அஞ்சலியையும் நான்தான் வடிவமைத்தேன். ‘ஆழ்ந்த’ என்பதில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. அதைத் திருத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் இருக்கும். தூத்துக்குடியில் எய்ட்ஸ் தடுப்பு வேலை பார்க்கும் ஒரு அமைப்பிலிருந்து துண்டறிக்கை அச்சடிக்க ஒருவர் வந்தார். நாற்பது வயது, காதில் சிறிய கடுக்கன், தன் நளினமான நடையை மறைக்காதவர். ஆண்களோடு உறவுள்ள ஆண்களுக்கான அறிக்கை. நான் முகம் மாறாமல் தட்டச்சு செய்து, மூன்று வாக்கியங்களைத் திருத்தியும் கொடுத்தேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை சும்மாதான இருக்கீய? ஒரு எட்டு வந்துட்டுப் போங்க” என்றார்.

போனேன். தூத்துக்குடியில் அவர்கள் அமைப்பின் மாடி ஹாலில் பாய் விரித்துப் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். லாரி டிரைவர், ஜவுளிக்கடை வேலையாள், பிள்ளைகுட்டிக்காரர்கள். ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொன்னார்கள். சிலர் அழுதார்கள். என் முறை வந்தபோது மாநாட்டையும் அந்த அறையையும் சொன்னேன். ஆலோசகராக வந்திருந்த பெண், அந்த நேரத்தில் உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்டார். எதுவும் இல்லை என்றேன். அவர் காத்திருந்தார். நான் திரும்பவும் எதுவும் இல்லை என்றேன். அது பொய்யில்லை.

பஸ் ஸ்டாண்டில் எங்களில் இரண்டு பேரைப் போலீஸ்காரர் ஒருவர் அடித்ததற்காகக் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போனோம். ஒன்பது பேர். துணியில் பதாகை எழுதியது நான். இத்தனை வருஷம் கழித்தும் எழுத்து கோணவில்லை. ஒரு குமாஸ்தா மனுவை வாங்கி முத்திரை குத்தினார். மறுநாள் ஒரு பத்திரிகையில் படம் வந்தது. அதில் என் முகம் தெளிவாக இருந்தது.

அம்மாவிடம் பக்கத்து வீட்டுக்காரி அதைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறாள். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டாள்.

“இது நீதானா?”

“ஆமாம்மா.”

“ரொம்ப நாளாவா?”

“எப்பவுமே.”

அவள் அந்தத் தாளை நாலாக மடித்தாள். அதற்குப் பிறகு யாரும் என் கல்யாணத்தைப் பற்றிப் பேச வந்தால், அவனுக்குத் தோதுப்படாது என்று அவளே சொல்லி அனுப்பினாள். என் தம்பி ஒரு வருஷம் பேசவில்லை. பிறகு பேசினான். அந்தப் போலீஸ்காரரை வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

படம் வந்த வாரத்தில் அச்சகத்துக்கு ஒரு போன் வந்தது. குரல் கேட்டதுமே தெரிந்துவிட்டது.

“பேப்பர்ல பாத்தேன்” என்றான்.

“ம்.”

“பயமா இல்லையா?”

“இல்ல.”

பின்னால் பிள்ளைகள் பாடம் ஒப்பிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, நீங்கள் எல்லோரும் எங்கே கூடுகிறீர்கள் என்று கேட்டான். மாடி ஹாலுக்கு வழி சொன்னேன். எழுதிக்கொள்கிறேன் என்றான். தெருப் பெயரை இரண்டு தடவை கேட்டான்.

அடுத்த ஞாயிறு நான் சீக்கிரமே போய்ப் பாய் விரித்தேன். மாடிப்படியில் யார் ஏறினாலும் திரும்பிப் பார்த்தேன். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். மூன்றாவது ஞாயிறு விளாத்திகுளத்திலிருந்து புதிதாக ஒருவர் வந்தார். அது அவன் இல்லை. கறிக்கடை வைத்திருப்பவர், ஐம்பது வயது இருக்கும், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே தயங்கி நின்றார். நான் எழுந்து போய், உள்ளே வாங்க அண்ணாச்சி என்று கூப்பிட்டு, என் பக்கத்தில் உட்கார இடம் ஒதுக்கினேன்.