கழுதை சாகாத கதை

பாண்டிச்சேரி புத்தகக் கண்காட்சியில் அந்த மூன்று பாகங்களும் கெட்டி அட்டை போட்டு அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்ததும் நான் முதலில் தேடியது கழுதையைத்தான். அட்டையில் உப்பளத்துப் பெண் இருந்தாள், மந்திரவாதி இருந்தான், பின்னால் ஒரு கோட்டைகூட இருந்தது. கழுதையைக் காணோம். படம் போட்டவர் கதையைப் படித்திருக்கவே மாட்டார் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே மூன்றையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். இருபது வருஷம் கழித்து என் கழுதை எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது என்று அவ்வளவு சந்தோஷம்.

அது வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை. 1993இல் ஆரம்பித்தது. அப்போது நாங்கள் விழுப்புரம் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். நான் மூன்றாம் வகுப்பு, அக்கா பத்தாம் வகுப்பு. ஒரு மந்திரவாதி ஒரு நாட்டின் நிழலையெல்லாம் திருடிக்கொண்டு போய்விடுகிறான். மரம் இருக்கிறது, நிழல் இல்லை. கூரை இருக்கிறது, அதற்கடியிலும் வெயில். விழுப்புரத்துச் சித்திரை மாதத்தில் உட்கார்ந்து கேட்ட எங்களுக்கு இதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை. திருட்டுப்போன நிழலை மீட்க ஓர் உப்பளத்துப் பெண் கிளம்புகிறாள். அவளுக்குத் துணை ஓர் ஒற்றைக்காதுக் கழுதை. பக்கத்தில் யாராவது பொய் சொன்னால் அந்தக் கழுதை தும்மும்.

இந்தத் தும்மலை எங்கள் வீடு அப்படியே எடுத்துக்கொண்டது. அம்மா கடைசி தோசையை எங்கள் தட்டில் போட்டுவிட்டுத் தனக்குப் பசியே இல்லை என்றால் நானும் அக்காவும் தும்முவோம். அப்பா இன்றைக்கு ஒரே ஒரு சிகரெட்தான் என்றால் அம்மாவே தும்முவாள். தும்மல் விழுந்துவிட்டால் சொன்னவர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அது சட்டம். வேறு எதற்கும் வளைந்து கொடுக்காத அப்பாகூட அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டார்.

ஆனால் அந்தக் கதையை நான் என் கண்ணால் படித்ததே இல்லை. முதல் மாதத்திலேயே யார் முதலில் படிப்பது என்று நானும் அக்காவும் பிடித்து இழுத்ததில் பத்திரிகை இரண்டாகக் கிழிந்து, மந்திரவாதியின் தலை என் கையிலும் உடம்பு அவள் கையிலும் வந்துவிட்டது. இனிமேல் பத்திரிகையை அக்கா மட்டும்தான் தொட வேண்டும், அவள் சத்தமாகப் படிக்க வேண்டும், நான் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும் என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதில் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. மந்திரவாதிக்கு ஒரு குரல், பெண்ணுக்கு ஒரு குரல் என்று அக்கா பிரமாதமாகப் படிப்பாள். கழுதை தும்மும் இடம் வந்தால் மூக்கைச் சுருக்கித் தலையை ஆட்டிக் குடியிருப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி ஒன்று போடுவாள். படித்து முடித்ததும் பின்னைக் கழற்றி, தொடர் வந்த பக்கங்களை மட்டும் உருவித் தன் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவாள். தொடர் முடிந்த பிறகு பைண்டிங் பண்ணுவதற்காக. அன்றைக்கு எங்கள் வரிசையில் பாதி வீடுகளில் இப்படித்தான் புத்தகம் உண்டானது.

இரண்டாம் பாகம் ஓடிக்கொண்டிருந்தபோது அப்பாவுக்கு முடியாமல் போனது. மஞ்சள் காமாலை என்றார்கள், அப்புறம் வேறென்னவோ என்றார்கள். மெட்ராஸில் ரயில்வே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அம்மா கூடப் போய்விட்டாள். அத்தை வந்து எங்களுக்குச் சமைத்துப் போட்டாள். சாயங்காலம் ஜெபமாலை சொல்லி முடித்ததும், அவரவர் வேண்டுதலைச் சொல்லச் சொல்வாள். அப்போது கதையிலும் நிலைமை சரியில்லை. பெண்ணை முதுகில் சுமந்துகொண்டு கழுதை நெருப்பாற்றின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. அங்கே கொண்டுபோய் ‘தொடரும்’ என்று போட்டுவிட்டார்கள் பாவிகள்.

அடுத்த வாரம் அக்கா ஸ்டேஷன் கடையில் பத்திரிகை வாங்கி வந்து படித்தாள். கழுதை கரையேறிவிட்டது. இருந்த ஒற்றைக் காதும் கருகிப்போனது, அவ்வளவுதான். கரையில் நின்று உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு தும்மல் போட்டது. நான் எழுந்து நின்று கைதட்டினேன். கதைகளில் எனக்குப் பிடித்த இடம் எது என்று யார் கேட்டாலும் இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். கொஞ்ச நாளில் அப்பாவும் வீடு வந்து சேர்ந்தார், வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துப்போய்.

காது இரண்டும் போன கழுதை அதற்குப் பிறகு பொய்யை மோப்பம் பிடித்துத் தும்மியது. மூன்றாம் பாகத்தில் மந்திரவாதியைக் கடித்தது. கதை முடியும்போது திரும்பி வந்த நிழல்களில் முதல் நிழல் அதற்குத்தான் கிடைத்தது. அந்த நாட்களில் அக்கா படிக்கும்போது நடுநடுவே நிறுத்தி மேலே கூரையைப் பார்ப்பாள். நான் அதை நடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பைண்டிங் ஆகி வந்த புத்தகத்தை அவள் என் கண்ணில்கூடக் காட்டவில்லை. கேட்டால் தையல் பிரிந்துவிடும் என்பாள். கல்யாணமாகித் திண்டிவனம் போனபோது தகரப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அதில் பெரிய மனத்தாங்கல். நகையில் நான் பங்கு கேட்கவில்லை, பட்டுப்புடவையில் கேட்கவில்லை. இந்த ஒன்றில் அவள் இவ்வளவு கஞ்சத்தனம் பண்ணுவாள் என்று நான் நினைக்கவில்லை. அப்பா போன பிறகு அந்த வருத்தம் கூடத்தான் செய்தது.

அதனால்தான் புதுப் பதிப்பைக் கண்டதும் பாய்ந்து வாங்கினேன். வானூர் தாலுகா ஆபீசில் எனக்கு வேலை. தினம் போகவர பஸ்ஸில் படித்தேன். முதல் பாகம் அப்படியே இருந்தது, வரிகூட ஞாபகத்தில் இருந்தது. இரண்டாம் பாகத்தில் நெருப்பாறு வந்தது. பெண் கரையேறினாள். கழுதை ஏறவில்லை.

நான் பக்க எண்ணைச் சரிபார்த்தேன். தாள் எதுவும் விடுபடவில்லை. அடுத்த அத்தியாயத்திலாவது வரும் என்று புரட்டினேன், வரவில்லை. மூன்றாம் பாகம் முழுக்கத் தேடினேன், ஒரு குளம்படிகூட இல்லை. எனக்கு வந்த கோபத்தில் பின்னட்டையில் இருந்த எண்ணுக்கு ஆபீசிலிருந்தே போன் போட்டு, கதையை வெட்டிச் சுருக்கி அச்சடிப்பதற்கு இவ்வளவு விலையா என்று கேட்டுவிட்டேன். எடுத்தவர் பொறுமைசாலி. ‘அம்மா, கழுதை ரெண்டாவது பாகத்துலயே செத்துடும்மா. எல்லாருக்கும் அதுல வருத்தந்தான்’ என்றார். அப்போதுதான் மூன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஞாபகத்துக்கு வந்தாள். கழுதை செத்துப்போச்சு என்று சொன்னதற்காக நான் அவளிடம் காய் விட்டு, வருஷம் முழுக்கப் பேசாமல் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு இரண்டாம் பாகத்தை எடுத்துக்கொண்டு திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினேன். கூட்டேரிப்பட்டு தாண்டும்போதும் எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. பத்திரிகையில் ஒரு மாதிரியும் புத்தகத்தில் வேறு மாதிரியும் எழுதியிருக்கலாம். அக்காவின் பைண்டிங்கைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அக்கா மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துபோய், ஒரு மறுப்பும் சொல்லாமல் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். சிவப்புக் காலிகோ அட்டை, ஓரம் நைந்திருந்தது. தாள்களின் பின்பக்கம் பாதிச் சிரிப்புத் துணுக்கும் பாதிச் சமையல் குறிப்பும். நெருப்பாற்றில் கழுதை நிற்கிற அத்தியாயம் இருந்தது. அதற்கு அடுத்த வாரம் இல்லை. அதற்குப் பிறகு வந்த வாரங்களில் கழுதையும் இல்லை.

புத்தகத்தை ஏன் என்னிடமிருந்து ஒளித்தாள் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு வாரமும் இல்லாத கழுதையைக் கதைக்குள் நுழைத்துக்கொண்டே இவள் படித்திருக்கிறாள். கடித்தது, மோப்பம் பிடித்தது, முதல் நிழல், எல்லாம் இவள் சரக்கு. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதற்காக இவ்வளவும் என்று கேட்டேன்.

‘நீ அழுவேன்னுதான்’ என்றாள், முறத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டு. ‘சின்னப் புள்ள வேற. என்னாத்துக்கு பேஜாருன்னு மாத்திப் படிச்சேன்.’

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். மூக்கைச் சுருக்கி, தலையை ஆட்டி, அவள் கற்றுக்கொடுத்த மாதிரியே ஒரு தும்மல் போட்டேன்.

அக்கா சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டாள்.

‘நீ டெய்லி மண்டி போட்டுக்கினு அப்பாவையும் கழுதையையும் ஒண்ணா சேத்து வேண்டிக்கினு இருந்த. ஞாபகம் இருக்குதா? அத்தகூட திட்டினாங்க. அந்த வாரம் பொஸ்தகத்த வாங்கி, ஸ்டேஷன்லயே நின்னுக்கினு படிச்சேன். செத்துடுச்சின்னு போட்டிருந்தான். உனக்காவ மட்டும் இல்லடி. எனக்கும் பயமா இருந்துச்சி. வீட்டுக்கு வந்து அந்தப் பேப்பர அடுப்புல போட்டுட்டேன்.’

எனக்கு அந்த வேண்டுதல் சுத்தமாக மறந்துபோயிருந்தது. அந்த நாட்களில் அக்கா பெரியவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தாவணி போட்ட பதினைந்து வயதுப் பெண், அப்பா பிழைக்க வேண்டுமென்று ஒரு கழுதையைக் கரையேற்றியிருக்கிறாள். அதற்குப் பிறகு அது கீழே விழுந்துவிடாமல் கதை முடியும்வரை பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். முறத்திலிருந்து ஒரு கை மல்லாட்டையை அள்ளி நானும் உரிக்க ஆரம்பித்தேன்.

கொண்டுபோன புத்தகத்தை எடுத்து, அந்த அத்தியாயம் இதில் இருக்கிறது, பார்க்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். டீ குடித்த பிறகு நான் கேட்காமலே பைண்டிங்கை எடுத்து, எரித்துப்போட்ட வாரத்துக்கு அடுத்த வாரத்தைப் பிரித்துச் சத்தமாகப் படித்தாள். கழுதை வர வேண்டிய இடங்களில் தாளைப் பார்க்காமல் மேலே பார்த்துச் சொன்னாள். ஒரு தடுமாற்றம் இல்லை. தும்மலுக்குப் பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

கெட்டி அட்டை போட்ட மூன்று பாகங்களும் விழுப்புரத்தில் என் பீரோவில் இருக்கின்றன. கதை படிக்க வேண்டும் போல இருந்தால் நான் திண்டிவனம் போகிறேன்.