இலை வைக்காத குச்சி

முதலில் என் காதுக்கு வந்தது அந்தப் பேச்சுதான். மூன்றாவது மாடியில் குடியிருக்கும் அம்மாள், தனக்கு முடிவெட்டுகிற பெண் சொன்னதாக, லிஃப்ட்டுக்குள் வைத்து என் மனைவியிடம் சொன்னார். மனைவி செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே என்னிடம் சொன்னாள்.

"அந்தக் குச்சியக்கா செஞ்சு குடுக்கற தட்டுல எப்பவும் ஒரு குச்சி கூடுதலா இருக்குமாம். அதை யாரும் எடுக்க மாட்டாங்களாம். ஆனா கூட்டம் கலையறப்போ பாத்தா தட்டு காலியாம்."

"யாராவது எடுத்திருப்பாங்க."

"கேட்டா எல்லாருமே நான் இல்லேங்கறாங்களாம். எடுத்ததை மறைக்க அது என்ன தங்கமா? தக்காளியும் சீஸும்."

அவள் சிரித்துக்கொண்டே குளிக்கப் போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வருகிற ஆள் நான். பிழைக்க வந்த இந்த ஊரில் எட்டு வருடம் ஆகியும், யாராவது கதவைத் தட்டினால் எந்த மொழியில் பதில் சொல்வது என்று ஒரு நொடி நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வேலை மாறிப் போகும் என் சக ஊழியருக்காக வீட்டில் சின்னதாக ஒரு விருந்து வைத்திருந்தோம். எங்களையும் சேர்த்துப் பத்துப் பேர். கொறிக்கத் தட்டு வேண்டுமென்று குச்சியக்காவிடம்தான் சொல்லியிருந்தேன்.

குச்சியக்கா என்பது அவரோடு வேலை பார்க்கிறவர்கள் வைத்த பெயர். ஆள் குச்சி இல்லை. கவுண்ட்டருக்குப் பின்னால் நின்றால் அந்தப் பக்கம் இன்னொருவர் நிற்க இடம் இருக்காது. பெரிய கடை ஒன்றில் சீஸ் பகுதி அவருடையது. எத்தனை கிராம் கேட்கிறோமோ அதைக் கம்பியால் ஒரே இழுப்பில் வெட்டித் தராசில் வைப்பார். முள் சொன்ன இடத்தில் போய் நிற்கும். நான் ஒரு டப்பாவைத் திருப்பித் திருப்பித் தேதி பார்த்தபோதுதான் முதன்முதலில் என்னிடம் பேச்சுக் கொடுத்தார்.

"அது கெட்டுப் போக இன்னும் பத்து நாள் இருக்கு தம்பி. நீங்க பாக்கற பார்வையில இன்னைக்கே கெட்டுடும் போல."

அன்றிலிருந்து நான் தம்பி, அவர் அக்கா. கடை வேலை இல்லாத நேரத்தில், தெரிந்தவர்கள் வீட்டு விருந்துகளுக்குப் போய்த் தட்டு செய்து கொடுப்பார். அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு பண்டம். சின்னத் தக்காளி, மொஸரெல்லா என்கிற மெத்தென்ற வெள்ளைச் சீஸ் உருண்டை, துளசி இனத்துப் பேசில் இலை, மூன்றையும் ஒரு குச்சியில் கோத்து வைப்பது. வேறு ஏதாவது செய்யச் சொன்னால், "அதெல்லாம் சமையல். எனக்குச் சமையல் வராது," என்பார்.

ஞாயிறு இரண்டு மணிக்கு வந்தார். பையிலிருந்து எல்லாவற்றையும் எங்கள் சமையலறை மேசையில் பரப்பினார். மொஸரெல்லா உருண்டைகளை அவற்றின் தண்ணீரிலிருந்து எடுத்துத் துணிமேல் பரத்தினார்.

"இதை அவசரப்பட்டு அப்படியே கோத்தீங்கன்னா தட்டு குளமாயிடும். இருபது நிமிஷம் அது பாட்டுக்குக் கிடக்கட்டும். தக்காளியை பிரிட்ஜ்ல வெச்சீங்களா?"

"இல்லக்கா."

"பொழைச்சீங்க. குளிர்ல வெச்ச தக்காளி வாயில போட்டா ஈரப் பஞ்சுதான்."

எனக்கு ஒரு துண்டு கொடுத்து, கழுவிய தக்காளிகளை ஒவ்வொன்றாகத் துடைக்கச் சொன்னார். நான் துடைத்துக் கொடுக்க, அவர் பாதியாக அரிந்து, அரிந்த பக்கம் துணியில் படும்படி கவிழ்த்தார். பாதித் தக்காளி, இரண்டாக மடித்த இலை, உருண்டை, மறுபடி பாதித் தக்காளி. இலையைக் கத்தியால் தொடவே இல்லை. கத்தி பட்டால் ஓரம் கறுத்துவிடுமாம். உப்பும் ஆலிவ் எண்ணெயும் ஆட்கள் கதவைத் தட்டும்போது போட்டால் போதும், முன்னாலேயே போட்டால் தக்காளி அழ ஆரம்பித்துவிடும் என்றார். ஆளுக்கு இரண்டு என்று இருபது குச்சிகள் தட்டில் வட்டமாக அமர்ந்தன.

பிறகு இன்னொரு குச்சியை எடுத்தார். தக்காளி, உருண்டை, தக்காளி. இலை இல்லை. அதைத் தட்டின் ஓரத்தில், மற்றவற்றிலிருந்து தள்ளித் தனியாக வைத்தார்.

துண்டு என் கையில் அப்படியே நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கேள்விப்பட்டிருக்கீங்க."

"மூணாவது மாடியில சொன்னாங்க."

"மூணாவது மாடியில அஞ்சாவது மாடி அளவுக்குச் சொல்லியிருப்பாங்க." கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "அது எங்க வீட்டுக்காரருக்கு. அவருக்கு இந்த இலை வாசனை ஆகாது. மூட்டைப்பூச்சியை நசுக்கின மாதிரி இருக்கும்பாரு."

ஏழு வருடம் முன்பு, இதே மாதிரி ஒரு ஞாயிறு, இதே நேரம். அக்கா வீட்டில் மகளின் சிநேகிதர்கள் கூடியிருந்தார்கள். தக்காளி ஐந்தாறு குறைந்தது. வீட்டுக்காரர் எழுந்தார். செல்போன் சார்ஜில் கிடந்தது. வீட்டுச் செருப்போடு கீழே இறங்கினார். கடை எதிர்ச்சாரியில், நாற்பது அடி தூரம். கடைக்காரர் தக்காளி போட்டுக் கொடுத்ததும், அவர் தெருவைத் தாண்டித் திரும்பியதும் பார்த்தவர்கள் உண்டு. மேலே மட்டும் வரவில்லை. மகள் இறங்கிப் போய்ப் பார்த்தபோது, மாடிப்படியின் முதல் படியில் பை இருந்தது. சாய்ந்துகூட விழவில்லை, கை வலிக்கிறது என்று யாரோ ஒரு நிமிஷம் இறக்கி வைத்தமாதிரி நேராக நின்றது.

"போலீஸ், ஆஸ்பத்திரி, எல்லாம் பாத்தாச்சு. தெரிஞ்ச கடவுளையெல்லாம் கும்பிட்டு, தெரியாத கடவுளையும் கும்பிட்டாச்சு. கிணத்துல போட்ட கல்லு மாதிரி." அக்கா அழவில்லை. பல தடவை சொல்லிப் பழகிய விஷயத்தைச் சொல்கிற குரல். "அதுக்கப்புறம் எங்க தட்டு வெச்சாலும் அவருக்கு ஒண்ணு வைப்பேன். தக்காளி வாங்கப் போனவரு, வந்தா சாப்பிட வேணாமா? மொதல்ல சும்மாதான் வெச்சேன். அப்புறம் ஒவ்வொரு வீட்டுலேருந்தும் போன் பண்ணி, அக்கா தட்டு காலின்னாங்க. எல்லாமா? எல்லாம்."

"நீங்க இருந்து பாத்ததில்லையா?"

"நாலு மணிக்கு எனக்கு ஷிப்டு தம்பி." கத்தியைத் துடைத்து வைத்தார். "லீவு போட்டுப் பாத்திருக்கலாம். பாத்தா தெரிஞ்சு போயிடுமே. அந்த பயம்தான்."

மேசையில் கிடந்த துணியை நான்காக மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு அரசாங்க ஆபீஸ்ல வரச் சொல்லியிருக்காங்க. காணாம போய் ஏழு வருஷம் ஆச்சுன்னா, ஆள் இறந்துட்டாருன்னு எழுதி வாங்கிப்பாங்க. வீடு ரெண்டு பேர் பேர்ல இருக்கு. அந்தக் காகிதம் இல்லாம அதை விக்கவும் முடியாது, விட்டுட்டுப் போகவும் முடியாது. மக கைக்குழந்தையோட வெளியூர்ல ஒத்தையா கிடக்கறா, வாம்மா வாம்மாங்கறா. கையெழுத்துப் போட்டா அவரு இல்லாம போயிடுவாரு. போடலேன்னா நான் அவளுக்கு இல்லாம போயிடுவேன்."

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். எனக்கு ஒண்ணு செய்யணும் நீங்க. இன்னைக்கு இந்தக் குச்சிமேல கண்ணு வெச்சிருங்க. மத்தவங்க பேச்சு சுவாரசியத்துல விட்டுடுவாங்க. நீங்க பயந்தவரு. பயந்தவங்கதான் கண்ணை எடுக்காம பாப்பாங்க. ஆறரைக்கு எனக்கு டீ ப்ரேக். போன் பண்றேன். அது தட்டுலயே கிடந்துச்சுன்னா சொல்லுங்க, நாளைக்கு நான் போய்ப் போட்டுடறேன். இல்லேன்னா போகல."

"யாராவது தெரியாம எடுத்துட்டா?"

"யார் எடுத்தாங்கன்னு பாருங்க. நம்ம ஆளு யாராச்சும் எடுத்தாலும் கையெழுத்துத்தான்."

போகும்போது வாசலில் நின்று என் மனைவியிடம், "தம்பியை இன்னைக்கு வேலை வாங்காத கண்ணு, அவருக்கு ட்யூட்டி இருக்கு," என்றார். அவர் இறங்கியதும் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். விஷயத்தைச் சொன்னேன்.

"பேய்க்குக் காவல் இருக்க இந்த வீட்டுல நீங்கதான் கிடைச்சீங்களா? அதுவே உங்களைப் பாத்துப் பரிதாபப்பட்டுத் திரும்பிப் போயிடும்." சொன்னாளே தவிர, தட்டை அவளே எடுத்துக்கொண்டு போய், என் நாற்காலிக்கு நேர் எதிரே, வாசற்கதவுக்குப் பக்கத்து மேசையில் வைத்தாள்.

நாலு மணிக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். புழுக்கமாக இருந்ததால் கதவைத் திறந்தே வைத்தோம். வெளியே நல்ல வெயில். படிக்கட்டில் விழுந்த வெளிச்சம் எங்கள் மிதியடி வரை வந்து நின்றது. குச்சிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. சாப்பிட்ட குச்சியைப் போட ஒரு கண்ணாடித் தம்ளர் வைத்திருந்தோம். நான் என் இரண்டையும் அவசரமாக விழுங்கிவிட்டு உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன். வேலை மாறிப் போகிறவர் என் தோளில் தட்டி, "என்னப்பா, நான் போறதுக்கு இவ்வளவு சோகமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் தட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தேன்.

ஐந்தரைக்குத் தட்டில் ஒன்றே ஒன்று மிச்சம். இலை இல்லாதது. ஒருவர் அதன் பக்கம் கையைக் கொண்டு போனார். நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். அவர் பக்கத்திலிருந்த டிஷ்யூ காகிதத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். ஏன் யாருக்கும் அதை எடுக்கத் தோன்றவில்லை என்று யோசித்தேன். கடைசித் துண்டை எடுக்கக் கூச்சப்படுவது எந்த ஊரிலும் உள்ளதுதான். ஆனால் அவர்களின் பார்வை அதன்மேல் தங்கக்கூட இல்லை. யாரோ உட்கார்ந்திருக்கும் நாற்காலியை விட்டு விலகி நடப்பதுபோல அதை விட்டு விலகி நடந்தார்கள்.

ஐந்தே முக்கால் இருக்கும். சமையலறையில் ஏதோ உடைந்தது.

"ஏங்க!" மனைவியின் குரலில் வலி இருந்தது.

எழுந்துவிட்டேன். கண்ணாடிக் கிண்ணம் ஒன்று கைதவறி, அவள் விரலில் கீறியிருந்தது. குழாயைத் திறந்து விரலைப் பிடித்தேன், துணி சுற்றினேன். ஒரு நிமிஷம், அதற்கு மேல் இல்லை. திரும்பி வந்தபோது தட்டு வெறுமையாக இருந்தது.

"இதுல இருந்தது யார் எடுத்தா?" என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் இல்லை, நான் இல்லை. "கவலைப்படாதப்பா, நாங்க வேற வாங்கித் தர்றோம்," என்று ஒருவர் கேலி செய்தார். நான் தம்ளரை எடுத்துக் கவிழ்த்து எண்ணினேன். இருபது. குப்பைக்கூடையில் இல்லை. மேசைக்கு அடியில், சோபா இடுக்கில், மிதியடிக்குக் கீழே, எங்கும் அந்த இருபத்தோராவது குச்சி இல்லை. தட்டின் ஓரத்தில் அது கிடந்த இடத்தில், பொட்டு அளவுக்குத் தக்காளிச் சாறு மட்டும் ஈரமாக இருந்தது.

விருந்தாளிகள் கிளம்பினார்கள். கடைசியாகப் போன, என் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் அம்மா, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "கதவுகிட்ட வந்தாரே, அவர் யாரு, உங்க பக்கத்து வீடா?"

"யாரு?"

"நீங்க உள்ள போனப்போ. நான் இப்படித் திரும்பி நின்னு பேசிட்டிருந்தேன். பின்னால இருந்து, 'கொஞ்சம் வழி விடுங்கம்மா'ன்னாரு. நகர்ந்து நின்னேன்."

"ஆள் எப்படி இருந்தாரு?"

"பாக்கலையே. வீட்டுச் செருப்பு சத்தம் கேட்டுச்சு. அதான் பக்கத்து வீடுன்னு நெனச்சேன்."

பக்கத்து வீடு பூட்டியிருந்தது. நான் போய்ப் பார்த்தேன். எதிர்வீட்டு மணியை அடித்தேன். அங்கிருந்த பெரியவர் மத்தியானத்திலிருந்து தூங்கி, இப்போதுதான் எழுந்ததாகச் சொன்னார். அவர் காலில் செருப்பு இல்லை.

உள்ளே வந்தேன். மணி ஆறு இருபது. மனைவி துணி சுற்றிய விரலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் கேலி இல்லை.

"அது தட்டுலயே இருந்துச்சுன்னு சொல்லிடுங்க," என்றாள். "நாளைக்கு அந்தம்மா கையெழுத்துப் போட்டுட்டு மக வீட்டுக்குப் போகட்டும்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"இல்லேன்னு சொல்லி இன்னும் ஏழு வருஷம் அவங்களை இங்கயே உக்கார வைக்கப் போறீங்களா? கூட்டத்துல எவனோ தின்னுட்டு, குச்சியை ஜன்னல் வழியா போட்டிருப்பான். கூச்சத்துல சொல்லலை."

"அந்தச் செருப்பு சத்தம்?"

அவள் விரலில் சுற்றிய துணியை அவிழ்த்து மறுபடி கட்டினாள். நான் ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்தேன். சுத்தமான சிமெண்ட் தரை. ஒரு பூனை, இரண்டு சைக்கிள். நாலு மாடிக்குக் கீழே கிடக்கும் ஒரு பல்குச்சி கண்ணுக்குத் தெரியாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இருந்தது என்று சொன்னால், உயிரோடு இருக்கக்கூடிய ஒருவரைச் சாகடிக்கிற காகிதத்துக்கு நான் சாட்சி. இல்லை என்று சொன்னால், ஒரு குழந்தையின் பாட்டியை ஒரு காலிப் படிக்கட்டில் காவல் வைத்தவன் நான். பார்த்தேன் என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. கண்ணை எடுக்காமல் பார்ப்பவன் என்று நம்பி விட்டுப்போனார், நான் எடுத்துவிட்டேன். அதையே சொல்லிவிடலாமா? சொன்னால் அவர் என்ன செய்வார்? இன்னொரு தட்டு, இன்னொரு வீடு, இன்னொரு பயந்தவனைத் தேடிப் போவாரா? பத்து மணிக்குள் எங்கே போவார்?

ஆறரைக்குச் செல்போன் அடித்தது. திரையில் அக்காவின் பெயர்.

"எடுங்க," என்றாள் மனைவி.

சீஸ் பகுதியின் பின்கதவுக்கு வெளியே, உப்புத் தண்ணீர் வாசம் போகாத கையில் டீயைப் பிடித்துக்கொண்டு, அவர் நின்றுகொண்டிருப்பார். டீ குடித்திருக்க மாட்டார்.

"எடுங்கங்க. அவங்களுக்குப் பத்து நிமிஷம்தான் ப்ரேக்."

செல்போனைக் கையில் எடுத்தேன். என் உள்ளங்கையில் அது அதிர்ந்துகொண்டே இருந்தது.